ஓசிச் சோறு என்றான் என் மகன்

"நான் பட்ட கஷ்டம் என் பிள்ளைகள் படக் கூடாது." இதைச் சொல்லாத தாய் நம்மில் யாராவது உண்டா, சகோதரிகளே? நானும் சொன்னவள்தான். சொன்னதோடு நிற்காமல் பதினாலு வருஷமாக அப்படியே செய்தும் வந்தவள். அதன் பலன் போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக் கூடத்திலேயே வந்து நின்றது. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

எங்களுக்குத் தருமபுரியில் புளி வியாபாரம். மாமனார் காலத்தில் சின்ன மண்டியாக இருந்தது, என்னவர் கைக்கு வந்த பிறகு நன்றாகவே வளர்ந்துவிட்டது. மாடி வீடு, கார், ஆளுக்கொரு செல்போன். பெரியவன் எட்டாம் வகுப்பு, சின்னவள் ஐந்தாம் வகுப்பு. இரண்டு பேரும் இங்கிலீஷ் மீடியம். கேட்டது கிடைக்கும். சில சமயம் கேட்பதற்கு முன்பே கிடைத்துவிடும்.

அன்று பெரியவனுக்குப் பிறந்த நாள். எங்கள் வீட்டு வேலைக்கு வருகிற பெண், ஞாயிறு என்பதால் தன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அந்தப் பெண்ணும் எட்டாவதுதான், அரசுப் பள்ளியில் படிக்கிறாள். கேக் வெட்டியதும் ஒரு துண்டைத் தட்டில் வைத்து, "இதைக் கொண்டு போய் அந்தப் பாப்பாவுக்குக் குடுடா" என்றேன். அவன் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்:

"அவங்களுக்கு எதுக்கும்மா இந்தக் கேக்கு? ஸ்கூல்ல ஓசிச் சோறு திங்கிறவங்கதானே? நேத்து வாங்கின பன் இருக்கு பாரு, அதைக் குடு. அதுவே ஜாஸ்தி."

மெதுவாகச் சொன்னதாகத்தான் அவன் நினைப்பு. அந்தப் பெண் சமையலறை நிலைப்படியில்தான் நின்றிருந்தாள். உள்ளே அவள் அம்மா பாத்திரம் தேய்க்கும் சத்தம் சட்டென்று நின்று, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது. நானே தட்டைக் கொண்டு போய் நீட்டினேன். "வேண்டாங்க, சாப்பிட்டுத்தான் வந்தேன்" என்றாள். முகத்தில் கோபம் இல்லை, அழுகை இல்லை. மரியாதையாகத்தான் சொன்னாள். அது அடித்ததை விட மோசமாக இருந்தது.

மகனை அடிக்கக் கை ஓங்கியது உண்மை. ஆனால் அடிக்க முடியவில்லை. ஏனென்றால் அந்த ஓசிச் சோற்றில் வளர்ந்தவள் நான். அது அவனுக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டதும் நானேதான்.

பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமம் என் பிறந்த ஊர். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். சாமை, கேழ்வரகு, கொள்ளு, எல்லாம் வானம் பார்த்தால்தான். மழை பொய்த்த வருஷம் அப்பா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவார். காலையில் முந்தின நாள் களியைக் கரைத்த தண்ணீர் இருந்தால் உண்டு. ராத்திரி களியும் கொள்ளுக் கடைசலும். அரிசிச் சோறு என்றால் எங்கள் வீட்டில் தீபாவளிக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும்தான். பள்ளிக்கூடத்திலோ தினமும் அரிசிச் சோறு!

1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த சத்துணவுத் திட்டம் அது. நான் ஒன்றாவது சேர்ந்தபோது அதற்கு மூன்று வயசு. பத்து மணிக்கெல்லாம் சத்துணவுக் கூடத்தில் விறகு புகைய ஆரம்பிக்கும். பருப்பு கொதிக்கும் வாசனை வந்துவிட்டால் வாத்தியார் போர்டில் எழுதும் கணக்கு யார் கண்ணுக்குத் தெரியும்? அலுமினியத் தட்டைத் தட்டிக்கொண்டு வரிசையில் நிற்போம். தட்டின் அடியில் ஆணியால் குத்திப் பெயர் எழுதியிருப்போம். என் பெயரில் ஒரு எழுத்து தப்பு. அப்பா குத்தியது.

1989-ல் கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை போட ஆரம்பித்தார்கள். (இப்போதெல்லாம் பள்ளி நாள் ஐந்திலும் முட்டை. எங்களுக்கு அது திருவிழா.) முட்டை நாளன்று ஒரு பிள்ளை லீவு போடாது. காய்ச்சல்காரப் பிள்ளைகூடத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வந்துவிடும். நான் என் முட்டையை அங்கே தின்றதில்லை. பாவாடை மடிப்பில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டு போவேன். தம்பி அப்போது பள்ளிக்கூடம் சேராத வயசு. வெள்ளைக் கரு எனக்கு, மஞ்சள் கரு முழுக்க அவனுக்கு.

இதையெல்லாம் என் பிள்ளைகளிடம் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வாழ்க்கைப்பட்ட இடம் வசதியானது. "பொண்ணு பன்னிரண்டாவது வரைக்கும் படிச்சிருக்கு" என்று மட்டும்தான் புகுந்த வீட்டில் தெரியும். சோற்றுக்காகவே பாதி நாள் பள்ளிக்கூடம் போனேன் என்று எந்த மருமகள் சொல்லுவாள்?

என் பல் காவி ஏறியிருக்கும். சின்னவள் ஒருநாள், "ஏம்மா உன் பல்லு மட்டும் இப்படி இருக்கு?" என்று கேட்டாள். அதற்கு மட்டும் கூசாமல் பதில் சொன்னேன். எங்கள் பக்கத்து நிலத்தடித் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், பல் உருவாகிற சின்ன வயசில் அதைக் குடித்தால் பல் கறைபட்டுவிடும், ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு இப்படித்தான் என்றேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு 2013-ல் நடைமுறைக்கு வந்த கதையையும் சொல்லி, "அதுக்கப்புறம் பிறந்தவ நீ. உன் வெள்ளைப் பல்லுக்கு முகம் தெரியாத எத்தனையோ பேர் பாடுபட்டிருக்காங்க" என்று பேசினேன். பெருமையாகவே பேசினேன். ஊருக்கெல்லாம் உள்ள பல் அது, வெட்கமில்லை. சோறு மட்டும் எனக்கு வெட்கமாக இருந்திருக்கிறது.

பிள்ளைகளுக்குக் கொடுக்கும் குணம் வர வேண்டும் என்று நான் எதுவுமே செய்யாமல் இருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஏகப்பட்டது செய்தேன். எங்கள் ஊர்தான் அந்தக் காலத்துத் தகடூர். சாவா வரம் தரும் நெல்லிக்கனி கிடைத்தபோது தான் தின்னாமல் அவ்வையாருக்குக் கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட இடம். இங்கே பையன்கள் பள்ளிக்கு அதியமான் பெயர், பெண்கள் பள்ளிக்கு அவ்வையார் பெயர். ஒன்றாம் வகுப்பு ஆண்டு விழாவில் பெரியவன்தான் அதியமான். அட்டைக் கிரீடமும் ஜிகினா ஒட்டிய வாளுமாக ஒரு பெரிய நெல்லிக்காயை எடுத்து நீட்டினான், நான் கண்ணீர் விட்டுக் கைதட்டினேன். மேடையை விட்டு இறங்கியதும், "நெல்லிக்காய் எனக்குப் பிடிக்காது, அதான் குடுத்துட்டேன்" என்றான். எல்லோரும் சிரித்தோம்.

பிறந்த நாளானால் பிள்ளைகள் இல்லம் ஒன்றுக்குப் போய் மத்தியானச் சாப்பாடு போடுவோம். அங்கே உள்ள குழந்தைகள் வரிசையாக நின்று இவனுக்கு வாழ்த்துப் பாட்டுப் பாடும், இவன் ஜரிகைச் சட்டையில் நின்று இனிப்புக் கொடுப்பான், என்னவர் போட்டோ எடுப்பார். சாயந்திரத்துக்குள் அது எல்லோருடைய வாட்ஸப்பிலும் போய்விடும். தர்மம் கற்றுக்கொடுத்தாயிற்று என்று நிம்மதியாகத் தூங்குவேன். அவன் உண்மையில் என்ன கற்றான் என்பது இப்போது புரிகிறது. வரிசையில் நிற்கிறவர்கள் சிலர், இந்தப் பக்கம் நிற்கிறவன் நான். இதைத்தான் வருஷா வருஷம் பாடம் பண்ணியிருக்கிறான்.

2018-ல் கேரளா வெள்ளத்தின்போது விழுப்புரத்துச் சிறுமி ஒருத்தி, சைக்கிள் வாங்க நாலு வருஷமாகச் சேர்த்த உண்டியல் பணம் சுமார் ஒன்பதாயிரம் ரூபாயை அப்படியே நிவாரணத்துக்குக் கொடுத்தாளே, ஞாபகம் இருக்கிறதா? அதைக் கேள்விப்பட்ட சைக்கிள் கம்பெனி அவளுக்குப் புது சைக்கிள் தந்தது. பேப்பரில் பார்த்து மகனுக்குப் படித்துக் காட்டினேன். அப்போது அவனுக்கு ஏழு வயசு. "அப்போ நான் உண்டியலைக் குடுத்தா எனக்கும் சைக்கிள் வருமாம்மா?" என்றான்! அந்தக் குழந்தை எதையும் எதிர்பார்த்துக் கொடுக்கவில்லை. என் பையன் காதில் விழுந்தது சைக்கிள் மட்டும்.

இதைப் பற்றி வெளிநாட்டில் ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். ஜெர்மனியில் வார்னகன், டொமசெல்லோ என்ற இருவர், இருபது மாதக் குழந்தைகள் முன்னால் ஒரு பொருளைக் கைதவறிப் போட்டிருக்கிறார்கள். குழந்தைகள் தாமாகவே எடுத்துக் கொடுத்தன. அப்படிக் கொடுத்ததற்குப் பரிசு வாங்கிப் பழகிய குழந்தைகள், பரிசு நின்றதும் உதவுவதைக் குறைத்துக்கொண்டன. ஒன்றும் வாங்காமல் உதவிய குழந்தைகள் தொடர்ந்து உதவின. 2008-ல் வெளியான முடிவு இது. நாமானால் பிள்ளை தங்கைக்கு ஒரு மிட்டாய் கொடுத்துவிட்டால் உடனே, "சமத்து! உனக்கு ரெண்டு சாக்லேட்" என்கிறோம்.

சரி, அன்றைக்கு ராத்திரிக்கு வருகிறேன். சாப்பாடு முடிந்ததும் இரண்டு பிள்ளைகளையும் உட்காரவைத்துச் சொன்னேன். "அந்தக் காலத்துல நாங்க..." என்று ஆரம்பித்திருந்தால் பெரியவன் எழுந்து போயிருப்பான். நான் தட்டில் ஆரம்பித்தேன். ஆணியால் குத்திய பெயர், தப்பான எழுத்து, முட்டை, பாவாடை மடிப்பு. மாமியாரும் என்னவரும் இருக்கும்போதே சொன்னேன். என்னவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷம் குடும்பம் நடத்தியும் அவருக்கே தெரியாத விஷயம். "ஓசிச் சோறு தின்னவ பெத்த பிள்ளைடா நீ" என்று முடித்தேன்.

அவன் அழுவான், மன்னிப்புக் கேட்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் கேட்டது வேறு.

"அப்போ அந்த அக்காவுக்கு ஏம்மா ஜன்னல்ல தனி டம்ளர் வெச்சிருக்கோம்?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது.

எங்கள் பின்கட்டு ஜன்னலில் நெளிந்த எவர்சில்வர் டம்ளர் ஒன்று கவிழ்ந்திருக்கும். நான் மருமகளாக வந்த அன்றைக்கே இருந்தது. வேலைக்கு வருகிறவர்கள் நாலு பேர் மாறிவிட்டார்கள், டம்ளர் மாறவில்லை. டீக்கடை இரட்டை டம்ளரைப் பற்றிப் பேப்பரில் படித்து 'இந்தக் காலத்திலுமா?' என்று முகம் சுளித்தவள் நான். அதே கையால் அந்த நெளிந்த டம்ளரில் பதினேழு வருஷம் காபி ஊற்றியிருக்கிறேன். பிள்ளை கேக்குக்குப் பதிலாகப் பன்னைக் கொடுக்கச் சொன்னது ஒன்றும் வானத்திலிருந்து குதித்து வந்த புத்தி அல்ல. நேற்றைய குழம்பு, சாயம் போன புடவை, ரப்பர் போன செருப்பு, எல்லாம் அவன் கண் முன்னால்தானே "பாவம், எடுத்துக்கோ" என்று கொடுத்தேன்? நமக்கு வேண்டாததுதான் அவர்களுக்கு என்று தினமும் படித்துக் காட்டியிருக்கிறேன்.

டம்ளரை எடுக்கிறேன் என்றதும் மாமியார், "வழக்கத்தை எல்லாம் ஏன் மாத்தறே?" என்று முணுமுணுத்தார். நான் பதில் பேசவில்லை. ஆனால் மறுநாள் காலையில் அவராகவே பேரனைக் கூப்பிட்டு, "உங்கம்மா மட்டும் இல்லடா, நானும் பள்ளிக்கூடத்துல தின்னவதான்" என்றாரே பார்க்கலாம்! எழுபத்தைந்து வயசில் முதல்முறையாக அந்த வாயிலிருந்து வந்த செய்தி.

காமராசர் காலத்துச் சாப்பாடு அது. 1956-ல் தொடங்கியது. அதற்கும் முன்னால், 1920-லேயே தியாகராயர் சென்னை மாநகராட்சியில் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க ஏற்பாடு செய்ததுண்டு. ஆனால் நாட்டுப்புறத்துக்கு வந்து சேர்ந்தது காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்தபோதுதான். ஆரம்பத்தில் அதை நடத்தியதே ஊர்க்காரர்கள் கொடுத்த தானியமும் பணமும் காய்கறியும். அப்புறம்தான் அரசாங்கம் செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டது. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் என்று நடத்தி, பெஞ்சும் கடிகாரமும் பிள்ளைகளுக்குச் சட்டைத் துணியும் ஊராரே கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரிந்ததோ! 1961-க்குப் பிறகு 'கேர்' என்ற அமெரிக்க அமைப்பின் மூலம் பால் பவுடரும் கோதுமை ரவையும் வந்தன. "அந்த ரவை உப்புமாவுல ஒரு வாசனை அடிக்கும். ஆனா விட மாட்டோம்" என்றார் மாமியார். பேரன் வாயைப் பிளந்து கேட்டான். "அமெரிக்காக்காரன் குடுத்ததா ஆயா?" "ஆமாண்டா, அவன் மூஞ்சிகூடத் தெரியாது."

தை மாதம் ஊருக்குப் போனோம். எங்கள் பள்ளியில் சமைத்துப் போட்ட அம்மா ரிடையராகிப் பல வருஷமாயிற்று. அதே ஊரில்தான் ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறார். வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நான் அப்பா பெயரைச் சொன்னேன்.

"அட, முட்டையை மடியில ஒளிச்சுக்கிட்டுப் போறவ!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாருக்கும் தெரியாது என்று முப்பத்தைந்து வருஷமாக நினைத்திருந்த ரகசியம். "தெரியாம என்ன? சோறு போடறவளுக்குத் தெரியாதா? முட்டை கணக்கு எண்ணிக்கை, ஒண்ணு கூடக் கூடுதலாத் தர முடியாது. அதான் உனக்கு அன்னிக்கு ஒரு கரண்டி சோறு சேர்த்துப் போடுவேன். வெறும் பருப்புலயே வயித்தை ரொப்பிக்கட்டும்னு" என்றார்.

நான் அந்தக் கூடுதல் கரண்டியைக் கவனித்ததே இல்லை.

கிளம்பும்போது, "புள்ளைங்க வெறுங்கையோட போகக் கூடாது" என்று உரித்து வைத்திருந்த மொச்சை முழுவதையும் ஒரு பையில் கொட்டிச் சின்னவள் கையில் கொடுத்துவிட்டார். ராத்திரிக் குழம்புக்கு வைத்திருந்தது அது. வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார் என்று வாங்கிக்கொண்டோம். பென்னாகரம் தாண்டும் வரைக்கும் காரில் யாரும் பேசவில்லை. அப்புறம் பெரியவன், "அவங்க இப்போ ராத்திரிக்கு என்னம்மா செய்வாங்க?" என்றான். எனக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னேன்.

வீட்டில் பெரிய புரட்சி ஒன்றும் நடந்துவிடவில்லை. பெரியவன் இன்றைக்கும் புது செல்போன் கேட்கிறான். சின்னவள் தட்டைக் கழுவச் சொன்னால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறாள், ஆனால் கழுவுகிறாள். அவரவர் தட்டை அவரவர் கழுவுவது என்று வைத்தாயிற்று, என்னவர் உட்பட. முதல் வாரம் இரண்டு பீங்கான் தட்டு உடைந்தது. பழைய துணி கொடுப்பதை நிறுத்திவிட்டேன். தீபாவளிக்கு வேலைக்கு வருகிற பெண்ணுக்கும் அவள் மகளுக்கும் நாங்கள் எடுக்கிற கடையிலேயே, பிடித்ததை அவர்களே பார்த்து எடுத்துக்கொள்ளும்படி பணம் கொடுத்துவிட வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். காலை டிபன் நேரத்தில் அவளும் எங்களோடு அதே தட்டில், அதே டம்ளரில். முதலில் அவளுக்கே கூச்சம். "எனக்கு அந்த டம்ளரே போதும்க்கா" என்றாள். அது இல்லை, போட்டுவிட்டேன் என்றேன். இல்லத்துக்குப் பணம் அனுப்புகிறோம். யாரையும் வரிசையில் நிற்கவைத்துப் பாடச் சொல்வதில்லை, போட்டோ இல்லை.

பெரியவனுக்கு ஒரு செய்தி ரொம்ப யோசனையைக் கொடுத்திருக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் நடக்கிறது அல்லவா? "காலையில சாப்பிடாம கூடவா ஸ்கூலுக்கு வருவாங்க?" என்று கேட்டான். அப்புறம் அவனே, "நீ வந்தியா?" என்றான். வந்தேன் என்றேன்.

வேலைக்கு வரும் பெண்ணிடம் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "சின்னப் புள்ளதானேக்கா, விடுங்க" என்றாள். ஆனால் அவள் மகள் அதற்கப்புறம் மாசக் கணக்கில் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. முழுப் பரீட்சை லீவில்தான் மறுபடி அம்மாவோடு வந்தாள். அன்று நாங்கள் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் ஒன்றும் சொல்லவில்லை. பெரியவனே எழுந்து, கல்லிலிருந்து எடுத்த சூடான தோசையும் சட்னியுமாக ஒரு தட்டைக் கொண்டு போனான். "அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னது எனக்குக் கேட்டது.

"பரவால்லங்க. நான் சாப்பிட்டுத்தான் வந்தேன்" என்றாள் அந்தப் பெண்.

தட்டோடு திரும்பி வந்தான். "வேணாம்னுட்டாம்மா."

"அடுத்த ஞாயிறும் வருவா. கேட்டுப் பாரு" என்றேன். தோசையை அவன் தங்கைக்குப் பாதி பிய்த்து வைத்தான்.